பதினோராவது நிபந்தனை

பதினைந்து வயது வரை நான் எச்சில் இலை எடுத்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடித்தவளுக்கு இலையைப் பற்றி என்ன தெரியும் என்று பிறகு யாரும் கேட்கக் கூடாது. ரசம் ஊறிய வாழையிலையை எந்தப் பக்கம் பிடித்தால் முழங்கை வரை வழியாது என்பது எனக்குத் தெரியும். பாயசம் பட்ட இலையில் எவ்வளவு நேரத்தில் எறும்பு ஏறும் என்பதும் தெரியும்.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்குத் தெற்கே, நாலு பக்கமும் நெல் வயல் சூழ்ந்த ஒரு சின்ன டவுன் பஞ்சாயத்து. ஊருக்கு நடுவே ஒரு திடல். அதற்கு யார் பேரிலும் பட்டா கிடையாது, பஞ்சாயத்துப் புறம்போக்கு. கோயில் அன்னதானம் அங்கேதான், சர்க்கஸ் அங்கேதான். கட்சிக் கூட்டங்கள் அங்கே. நில உச்சவரம்பு ஒழிக என்று மிராசுதார்கள் கூடியதும் அங்கே, உச்சவரம்பை ஒழுங்காக அமல்படுத்து என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் கூடியதும் அங்கே. யார் கூடினாலும் மறுநாள் விடிந்தால் நடப்பது ஒன்றுதான். தலையாரி எங்கள் தெரு முனையில் வந்து நின்று, "திடலுக்கு வாங்கடி" என்று ஒரு சத்தம் கொடுப்பார். எங்கள் பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

அதற்குக் கூலி கிடையாது. ஏனென்றால் அதற்கு வேலை என்று பெயரே இல்லை. பாத்தியதை என்று பெயர். திடலில் மிஞ்சுவதெல்லாம் எங்கள் தெருவுக்குச் சொந்தம் என்று எந்தக் காலத்திலோ எவனோ ஒரு புத்திசாலி சொல்லிவைத்திருந்தான். அண்டாவின் அடியில் ஒட்டிய சோறு, பந்தலில் இருந்து விழுந்த கீற்று, அறுந்த கயிறு, இவற்றை எடுத்துக்கொள்ளும் உரிமை எங்களுக்கு. அந்த உரிமையைக் கொண்டாடப் போகும்போது இலையையும் அள்ளிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதானே என்பார்கள். வெட்கக்கேடு என்னவென்றால் எங்கள் தெருவும் அதை உரிமை என்றே நம்பியது. ஒருமுறை அடுத்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் முந்திக்கொண்டு அள்ளிவிட்டார்கள் என்று எங்கள் அம்மா அவர்களோடு தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டாள். எச்சில் இலைக்காக நாங்கள் அடித்துக்கொண்டோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதை முதலில் கேள்வி கேட்டது நான் இல்லை, என் அண்ணி. திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அந்த ஊரில் வேறு கொடுமைகள் இருந்திருக்கும், ஆனால் இது இருக்கவில்லை போலிருக்கிறது. கல்யாணமாகி வந்த மாதமே தலையாரி சத்தம் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் எழுந்தோம். அண்ணி எழுந்திருக்கவில்லை.

"இது யாரு தின்ன இலை?" என்று கேட்டாள்.

"ஊர்க்காரங்க தின்னது" என்றாள் அம்மா.

"அப்ப ஊர்க்காரங்கதானே எடுக்கணும்?"

அம்மா திட்டினாள். அண்ணி கூடையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவாள். என் அண்ணனுக்கு அது பிடிக்காது. அண்ணன் அப்போதே சங்கத்தின் கிளைச் செயலாளர். கூலி உயர்வைப் பற்றி இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவார், பெண்டாட்டி கேட்ட கேள்விக்கு மட்டும், "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெட" என்பார்.

நான் நாகப்பட்டினத்தில் அரசு விடுதியில் தங்கிப் படித்தேன். டைப்ரைட்டிங் படித்தேன், சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதினேன். என்னை எங்கள் ஊர் பஞ்சாயத்து அலுவலகத்துக்கே எழுத்தராகப் போட்டார்கள். மேலே இருந்தவர்கள் ஊர்ப் பெயரைக் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், கவனித்திருந்தால் கூத்தாநல்லூருக்கோ வேறெங்கோ தள்ளிவிட்டிருப்பார்கள். முதல் நாள் எனக்கென்று போட்டிருந்த நாற்காலி கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் இருந்தது. நானே தூக்கிக்கொண்டு வந்து உள்ளே போட்டுக்கொண்டேன்.  அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பஞ்சாயத்துத் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய நிலக்காரர். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அவருடைய நிலம் மச்சினன் பேரில், மருமகன் பேரில், இன்னும் தொட்டிலை விட்டு இறங்காத பேரன் பேரில் என்று பத்திரமாக ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆட்சி மாறிய வாரமே அவருடைய தோள் துண்டின் கரையும் மாறிவிட்டது. சமத்துவம் பேசுவார், தமிழும் நன்றாகப் பேசுவார். எல்லோரும் அவரை ஐயா என்றார்கள். நான் சார் என்றேன். அந்த ஒரு சொல்லில் அவருக்கு என் மேல் வந்த எரிச்சல் கடைசிவரை போகவே இல்லை, நானும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

என் மேஜைக்கு வந்த வேலைகளில் ஒன்று திடலுக்கு அனுமதிச்சீட்டு எழுதுவது. அதற்கு அச்சடித்த பாரம் இருந்தது. முன்பக்கம் விண்ணப்பதாரர் பெயர், கூட்டத்தின் விவரம். பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள். எனக்கு எதையும் முழுதாகப் படித்துவிடும் வியாதி உண்டு. பதினோராவது நிபந்தனை இப்படி இருந்தது: நிகழ்ச்சி முடிந்த மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் விண்ணப்பதாரர் தமது சொந்தப் பொறுப்பில் திடலைச் சுத்தம் செய்து பஞ்சாயத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும், தவறினால் ஓராண்டு காலத்துக்கு அவருக்கோ அவர் சார்ந்த அமைப்புக்கோ திடல் வழங்கப்படமாட்டாது.

நான் அதை மூன்று தடவை படித்தேன். என் தாய் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டபோதும் இந்தப் பாரம் இதே பீரோவில்தான் இருந்திருக்கிறது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் இலை அள்ளிவிட்டு, வாய்க்காலில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய காலத்திலும் இருந்திருக்கிறது. விதி எங்கள் பக்கம் இருந்தது, நாங்கள் திடலில் குனிந்துகொண்டிருந்தோம்.

தலைமை எழுத்தரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஓய்வு பெறப் போகிறவர், நல்ல மனிதர்தான், பயந்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார்.

"அது அச்சடிச்ச நாள்லேருந்து இருக்கும்மா. பாரம்னா பின்பக்கம்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யும். யாரு படிக்கிறா?"

"நான் படிச்சிட்டேன் சார்" என்றேன்.

அந்த வருஷம் புரட்டாசியில் ஆளுங்கட்சியின் வட்டார மாநாடு எங்கள் ஊரில் என்று முடிவானது. திடலுக்கு விண்ணப்பம் போட்டது தலைவரேதான், ஊர்க் கட்சிச் செயலாளர் என்ற முறையில். கொடுக்கிறவரும் அவர், வாங்குகிறவரும் அவர். முன்பக்கம் கையெழுத்துப் போட்டார். நான் பாரத்தைத் திருப்பி வைத்தேன்.

"பின்பக்கமும் ஒண்ணு வேணும் சார். நிபந்தனையெல்லாம் படிச்சுக் காட்டவா?"

"நம்ம பஞ்சாயத்து, நம்ம பாரம். இதுல படிக்க என்னம்மா இருக்கு?" என்று சொல்லி அங்கேயும் போட்டார். அழகான கையெழுத்து.

மாநாடு இரண்டு நாள் நடந்தது. ஊரெல்லாம் தோரணம். இரண்டாம் நாள் வெளியூரிலிருந்து வந்த ஒரு பேச்சாளர் பேசினார். எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் கேட்கப் போயிருந்தோம். இன்னொருவன் தின்ற இலையை எடுப்பதற்கென்று எந்தத் தாயும் பிள்ளை பெறவில்லை என்றார் அவர். கைதட்டல் ஓயவே இல்லை. மேடையில் இருந்த தலைவரும் தட்டினார். அண்ணி என் பக்கத்தில் நின்றிருந்தாள். மற்றவர்கள் தட்டி முடித்த பிறகும் அவள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள். பேச்சை நிஜமாகவே நம்பிய ஒரே ஆள் அந்தக் கூட்டத்தில் அவள்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் தலையாரி வழக்கம்போல வந்து நின்றார். "திடலுக்கு வாங்கடி."

அண்ணி தெரு நடுவில் வந்து நின்றாள். "நேத்து மேடையில பேசினது உங்க காதுல விழலீங்களா?"

"மேடையில ஆயிரம் பேசுவாங்க. நேரமாவுது, கெளம்புங்கடி."

"மொதல்ல அந்த 'டி'யை விடுங்க. அப்புறம் பேசலாம்."

தலையாரி இதை எதிர்பார்க்கவில்லை. ஊரில் யாருமே எதிர்பார்க்கவில்லை. நான் அப்போதுதான் அலுவலகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். பதினோராவது நிபந்தனையை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன், அங்கேயே நின்று சத்தமாகச் சொன்னேன். சுத்தம் செய்ய வேண்டியவர் விண்ணப்பதாரர், விண்ணப்பதாரர் யார் என்றால் தலைவர், கையெழுத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. கேட்டவர்கள் முகத்தில் முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு கோபம் வந்தது. இத்தனை வருஷமாகவா என்று ஒருத்தி கேட்டாள். இத்தனை வருஷமாகத்தான் என்றேன்.

கோபத்தோடு கோபமாக, தெருக்கோடி அம்மன் முன்னால் போய்ச் சூடம் ஏற்றினார்கள். அண்ணிதான் முதலில் கையை நீட்டி அணைத்தாள். "இனிமே அந்தத் திடல்ல கெடக்குற எலையைத் தொட மாட்டோம்" என்று ஒவ்வொருத்தியும் சூடத்தின் மேல் அடித்துச் சொன்னாள். எங்கள் தெருவில் போலீஸுக்குக் கொடுத்த வாக்குமூலத்தை மாற்றலாம், சூடம் அணைத்துச் சொன்னதை மாற்ற முடியாது. 'மற்றவர்கள் தின்ற இலையை' என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சூட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை, மனப்பாடக்காரி எனக்கும் தோன்றவில்லை.

பன்னிரண்டு மணி ஆயிற்று. திடல் அப்படியே கிடந்தது. 'குறித்த நேரத்தில் ஒப்படைக்கப்படவில்லை' என்று கோப்பில் எழுதி, நேரமும் போட்டு, மேலே அனுப்பினேன். தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க தெருவுல யாரும் வரலையாமே?"

"நிபந்தனைப்படி நீங்கதான் செய்யணும் சார்."

"நானா?"

"உங்க சொந்தப் பொறுப்புலன்னு போட்டிருக்கு. நீங்க யாரை வச்சுச் செய்யணுங்கிறது உங்க இஷ்டம். எங்க தெரு வராது."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். நாற்காலி ஒன்று எழுந்து நின்று பேசியதைப் போலப் பார்த்தார். வேலைக்கு உலை வைத்துவிடுவார் என்ற பயம் எனக்கு இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.  

வேறு ஊர் ஆட்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். என்ன சங்கதி என்று அதற்குள் சங்கம் வழியாகச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது, ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. இலையும் சோறும் ஊறி, நொதித்து, திடலின் ஓரத்து வடிகால் வழியாகப் பெரிய தெருவுக்குள் போனது. அங்கேதான் தலைவருடைய உறவுக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரே நாகப்பட்டினத்துக்குப் புகார் எழுதிப் போட்டார். சுகாதார அதிகாரி வந்து இறங்கினார், பொறுப்பு யாருடையது என்று கோப்பைக் கேட்டார். நான் இரண்டு கையால் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் வந்து போன மறுநாள் கட்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் திடலில் இறங்கினார்கள். தோளில் கிடந்த துண்டு மூக்குக்கு ஏறியிருந்தது. எங்கள் பெண்கள் வாய்க்கால் கரையில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். "அண்ணே, குழம்பு ஊத்தின பக்கம் புடிக்காதீங்க, வழியும்" என்று அண்ணி அங்கிருந்தே யோசனை சொன்னாள். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் வேலைக்கு ஆர்டர் வந்த அன்றுகூட வரவில்லை.

ஓராண்டுத் தடை உத்தரவில் பஞ்சாயத்து நிர்வாக அதிகாரி கையெழுத்துப் போட்டார். சுகாதார அதிகாரி பார்த்துவிட்ட கோப்பு என்பதால் அவருக்கு வேறு வழி இல்லை.  அன்று வெளியே போகும்போது தலைவர் என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"தையில உங்க ஆளுங்களும் கூட்டம் போடுவாங்கல்ல? அப்ப பாப்போம்மா. உங்க ஆளுங்களே அள்ளலேன்னா, இந்தப் பதினொண்ணு நடைமுறைக்கு ஒத்து வராதுன்னு ஒரு தீர்மானம். பழைய வழக்கப்படியே நடக்கட்டும்னு இன்னொரு தீர்மானம். ரெண்டும் எழுதித் தயாரா வச்சிருக்கேன்."

நிஜமாகவே வைத்திருந்தார். தலைமை எழுத்தர் என்னிடம் ரகசியமாகக் காட்டினார், தேதி மட்டும் காலி. பஞ்சாயத்து மன்றத்தில் அவருக்கு எதிராகக் கை தூக்க ஆள் கிடையாது. அந்தத் தாள் நிறைவேறினால் தலையாரி மறுபடி எங்கள் தெரு முனையில் வந்து நிற்பார், இந்த முறை எழுத்துப்பூர்வமாக.

தை பிறந்தது. சம்பா அறுவடைக் கூலிக்காகச் சங்கம் கூட்டம் அறிவித்தது. விண்ணப்பத்தோடு அலுவலகத்துக்கு வந்தது அண்ணன், கூடச் சங்கத்துக்காரர்கள் நாலு பேர். சங்க வழக்கப்படி ஐந்து பேரும் கையெழுத்துப் போட வந்திருந்தார்கள். நான் பாரத்தைத் திருப்பி, பின்பக்கத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

"எங்களுக்கேவா படிச்சுக் காட்டுறே?" என்றார் அண்ணன்.

"படிச்சுக் காட்டாம யாருக்கும் குடுக்கறதில்லண்ணே."

பதினொன்று வந்தபோது நிறுத்தி, தலைவர் எழுதி வைத்திருக்கும் தீர்மானத்தைப் பற்றியும் சொன்னேன். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எத்தனையோ மாநாட்டை நடத்தியவர்களுக்கு இலை ஒரு பெரிய விஷயமா?

கூட்டம் பிரமாதமாக நடந்தது. சுற்றுவட்டாரம் முழுக்கத் திரண்டு வந்தது. அண்டா அண்டாவாகச் சாம்பார் சாதம் வடித்து, வந்தவர்களுக்கெல்லாம் வாழையிலையில் போட்டோம். அண்ணன் பேசினார். பண்ணைகளில் தண்டனையாகச் சாணிப்பாலும் சவுக்கடியும் வாங்கிய வம்சம் இன்று நிமிர்ந்து நிற்கிறது என்றார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

காலையில் எட்டு மணிக்குத் திடலைப் பார்த்தேன்.  ஒரு இலைகூட அசையவில்லை. நாய்களும் காக்கைகளும் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தன.

தெருவுக்கு ஓடினேன். பெண்கள் எல்லோரும் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாங்க எப்படித் தொடுறது? சூடம் அணைச்சிருக்கோமே" என்றாள் ஒருத்தி. "அந்தத் திடல்ல கெடக்குற எலைன்னுதானே சொன்னோம். நம்ம எலை, அவங்க எலைன்னு பிரிக்கலையே."

"ஆம்பளைங்க எங்கே?"

டீக்கடையில் இருந்தார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரும், வேறு பலரும். முந்தின நாள் கூட்டத்துக்கு எவ்வளவு ஜனம் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் நாளிதழை மடித்தார்.

"பொம்பளைங்களைப் போகச் சொல்லு. நம்ம கூட்டந்தானே, இதுல என்ன மானக்கேடு?"

"அவங்க சூடம் அணைச்சிருக்காங்க. உனக்குத் தெரியாதா?"

"அப்ப நாங்க அள்ளணுங்கிறியா? நானா? நேத்து மேடையில பேசினவன் இன்னிக்கு எலை பொறுக்கவா?" அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்த எலையிலிருந்து தப்பிக்கத்தான்டி நாங்க சங்கமே வச்சோம்."

சொன்னது பொய் இல்லை, அதுதான் கொடுமை. எங்கள் தெரு ஆண்களுக்கு எல்லா அவமானமும் தெரியும், அடி தெரியும், உதை தெரியும். இலை மட்டும் தெரியாது. அதை அவர்கள் பெண்களிடம் விட்டிருந்தார்கள். இலையிலிருந்து தப்பிக்கச் சங்கம் வைத்தவர்களில் ஒருவராவது ஒரு நாளாவது இலையைத் தொட்டிருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

"பன்னெண்டு மணிக்குத் தலைவர் திடலுக்கு வர்றாரு" என்றேன். "ஒப்படைக்கலேன்னா நான் அப்படியேதான் எழுதுவேன்."

"நம்ம கூட்டத்துக்கு எதிரா, நீயே எழுதுவியா?"

"எழுதுவேன். அவங்களுக்கு எழுதின அதே பேனாவால எழுதுவேன். நாளைக்கே தீர்மானம் வரும். நாளான்னிக்கு உன் பொண்டாட்டியைக் கூப்பிடத் தலையாரி வருவாரு. நீ இங்க உக்காந்து ஜனத்தை எண்ணிக்கிட்டிரு."

டீக்கடையே கேட்கும்படி கத்திவிட்டேன். கடையில் அப்படி ஒரு பெண் கத்தி அவர்கள் கேட்டதில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. நான் அலுவலகத்துக்குப் போய், கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். ஒன்பதரை. அங்கே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் என் அண்ணனை நான் வெறுத்தேன். சொல்லக் கூசவில்லை.

பிறகு நடந்ததை நான் அண்ணி வாயால்தான் கேட்டேன். அவள் கூடைகளைக் கொண்டுபோய் டீக்கடை வாசலில் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாளாம், ஐந்து கூடை. "கையெழுத்துப் போட்டவங்க அஞ்சு பேரு" என்றாளாம்.  திரும்பி வந்து மற்ற பெண்களையும் அழைத்துக்கொண்டு திடல் ஓரத்தில் நின்றுகொண்டாள்.

பதினோரு மணிக்கு நான் கோப்போடு திடலுக்குப் போனபோது அண்ணன் நடுத் திடலில் குனிந்திருந்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டியிருந்தார். மற்ற நாலு பேரும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் பத்துப் பதினைந்து ஆண்கள் இறங்கியிருந்தார்கள். இலையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் எல்லோரும் முழங்கை வரை குழம்பை வழியவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி குனிந்தார். யாரும் சிரிக்கவில்லை. பெண்களும் சிரிக்கவில்லை. கட்சிக்காரர்கள் அள்ளிய அன்றைக்கு இருந்த கும்மாளம் அன்று இல்லை. தங்கள் வீட்டு ஆண்கள் குனிந்து அள்ளுவதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவமாக இருக்கிறதா என்று கேட்டேன். "இல்ல, என் ஆத்தா பாத்திருக்கணும்" என்றாள்.

பதினொன்றே முக்காலுக்குத் தலைவர் வந்தார். கூடவே தலைமை எழுத்தர், கையில் அந்தத் தீர்மானக் காகிதம். தலைவர் திடலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திடல் பெருக்கிய களம்போல இருந்தது. அண்ணன் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எழுதிக்க. முடிஞ்சாச்சு."

"மேடைக்குப் பின்னால கெடக்குண்ணே" என்றேன்.

அண்ணன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அடித்துவிடுவாரோ என்று நினைத்தேன். கூடையை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனார்.

தலைவர் அண்ணி நின்ற பக்கம் திரும்பினார். அதுவரை அவளிடம் நேராக அவர் பேசியதே இல்லை.

"ஏம்மா, கட்டின புருஷன் தனியா எச்சி எலை அள்ளுறான். பொண்டாட்டி கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறே. ஒரு கை குடுக்கக் கூடாதா?"

அண்ணி கட்டியிருந்த கையைப் பிரிக்கவில்லை.

"கையெழுத்து அவரு போட்டாருங்க, அவரு அள்ளுறாரு" என்றாள். "உங்க தடை புரட்டாசியோட முடியுதாம். அப்புறம் நீங்க போடுவீங்கல்ல, அன்னிக்கும் வந்து இங்கதான் நிப்பேன்."

அண்ணன் நிறைந்த கூடையோடு மேடைக்குப் பின்னாலிருந்து வந்தார். பகல் பதினொன்று ஐம்பத்தாறு, திடல் ஒப்படைக்கப்பட்டது என்று எழுதி, தலைவர் கையெழுத்துக்காகக் கோப்பை நீட்டினேன்.